அந்த இன்னொரு ஆள் யார்? தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கும் கதாசிரியர்களுக்கும் புதுச்சேரியிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயக்குநர்களுக்கும், கதாசிரியர்களுக்கும், அவர்களுடன் இரவெல்லாம் விழித்திருந்து வசனம் எழுதும் உதவி இயக்குநர்களுக்கும் வணக்கம்.

கதை விவாதத்துக்காக நீங்கள் எங்கள் ஊருக்கு வந்து அறை எடுத்துத் தங்குவது வெகுகாலமாக நடப்பது. பிரெஞ்சுக் குடியிருப்பின் மஞ்சள் சுவர்களை ஒட்டி எத்தனையோ காதல் பாட்டுகளை எடுத்திருக்கிறீர்கள். ஆணைக் காதலிக்கும் ஆண்களான எங்களைப் போன்றவர்கள் அந்தப் பாட்டுகளில் இருந்ததில்லை. படத்தில் வந்தால் நகைச்சுவை நடிகரைத் துரத்திக்கொண்டு இடுப்பை நெளித்து ஓடும் ஆளாக வந்தோம். இல்லையென்றால் வக்கிரம் பிடித்த வில்லனாக வந்தோம். அது கொஞ்சம் கொஞ்சமாக மாறி வருவதைப் பார்க்கிறேன். அந்த மாற்றத்தை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு தங்கும் விடுதியில் கணக்கு எழுதுபவன். சில மாதங்களுக்கு முன் உங்களில் ஓர் இளம் குழு எங்கள் விடுதியில் தங்கியது. ஒருநாள் மாலை அவர்களில் ஒருவர், வெளியாள் கேட்டால் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக, தன் ஒரு வரிக் கதையை என்னிடம் சொன்னார். மாநிலமே கொண்டாடும் ஒரு பாடகன். அவனுக்கு ஓர் ஆண் மேல் காதல். விஷயம் வெளியே தெரிந்தால் எல்லாம் போய்விடும். இடைவேளையில் தெரிந்துவிடுகிறது. இதுதான் கதை. கேட்டு எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. தமிழில் ஒருவர் இதை எழுத முன்வந்திருக்கிறாரே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, “ஓர் ஆண் என்றீர்களே, அவன் யார்? என்ன வேலை செய்கிறான்? எந்த ஊர்?” என்று கேட்டேன். அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அதை இன்னும் முடிவு செய்யவில்லை சார். கதை அந்தப் பாடகனுடையதுதானே” என்றார் அந்தத் தம்பி.

பணிவான பிள்ளை. மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் சொன்னார். ஆனால் அந்தப் பதிலோடு என்னால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுக்க முடியவில்லை. ஏனென்றால் அவர் கதையில் வரும் அந்த ‘ஓர் ஆண்’ நான்தான்.

என்னோடு வாழ்பவர் மெல்லிசைப் பாடகர். நீங்கள் பழகிய அளவில் அவர் நட்சத்திரம் அல்ல. ஆனால் கடலூர் முதுநகரிலிருந்து திண்டிவனம் வரை திருவிழாச் சுவரொட்டிகளில் அவர் முகத்தைப் பார்க்கலாம். தேநீர்க் கடையில் நின்றால் யாராவது வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினால் நடத்துநர் பாடச் சொல்வார். எல்லோரும் அவரை அண்ணன் என்கிறார்கள். நானும் வெளியே அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி என்பார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைத்துக்கொள்வோம். இந்த மடலை அவரிடம் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே வெளியிடுகிறேன். எங்கள் இருவர் பெயரும் இதில் இருக்காது.

புகழும் ரகசியமும் சேர்ந்தால் ஓர் உறவு என்ன ஆகும் என்பதைப் படங்களில் பார்த்திருக்கிறேன், வாழ்க்கையிலும் பார்க்கிறேன். படங்கள் பெரும்பாலும் புகழ் பெற்றவரின் பயத்தையே காட்டுகின்றன. அவருக்கு இழப்பதற்கு நிறைய இருக்கிறது, அதனால் பயம் என்று கணக்குப் போடுகின்றன. அந்தக் கணக்கில் மற்றவன் எங்கே வருகிறான் என்று கவனித்துப் பாருங்கள். அவன் ஆபத்தாக வருகிறான். வெளியே தெரிந்துவிடக் கூடிய சாட்சியாக வருகிறான். காதலிக்கப்படுகிறவனே மறைக்கப்பட வேண்டிய தடயமாகவும் ஆகிவிடுகிறான். வெறும் ரகசியம் இருவரையும் ஒரே பக்கத்தில் நிறுத்துகிறது, ஊர் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. அதில் புகழ் வந்து சேர்ந்தால் இருவரும் எதிரெதிராக நிற்க வேண்டியதாகிறது. நான் உங்களிடம் சொல்ல வந்தது இதுதான்.

1961இல் வெளிவந்த ‘விக்டிம்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பாருங்கள். பேசில் டியர்டன் இயக்கியது. டர்க் போகார்ட் லண்டனில் பெயரெடுத்த வழக்கறிஞராக நடித்திருப்பார். பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர், மனைவி உள்ளவர். பாரெட் என்ற இளைஞன் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சம்பளக் கணக்கு எழுதுகிறான். இருவரையும் சேர்த்து எடுத்த ஒரு புகைப்படத்தை வைத்து மிரட்டிப் பணம் பறிக்கிறது ஒரு கூட்டம். வழக்கறிஞரைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பையன் அலுவலகப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறான். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைக்கும்போது, இவனே மிரட்டுகிறானோ என்று நினைத்து வழக்கறிஞர் பேச மறுக்கிறார். போலீஸ் துரத்தும்போது அவன் கையில் இருப்பது ஒரு வெட்டி ஒட்டும் நோட்டு. அதில் அந்த வழக்கறிஞரைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளையெல்லாம் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறான். அதைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டு அழிக்கப் பார்க்கிறான். பிடிபட்டு, காவல் நிலைய அறையில் தூக்கில் தொங்கிவிடுகிறான்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்த நோட்டைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். புகழ் பெற்றவரோடு ரகசியமாக உறவு வைத்திருப்பவனுக்கு, தன் காதலரின் முகம் ஊருக்கெல்லாம் கிடைக்கும் அதே பத்திரிகையிலிருந்துதான் கிடைக்கிறது. சேர்ந்து எடுத்த படம் ஒன்று இருந்தாலும் அது மிரட்டுபவன் கையில் இருக்கிறது. இவனுக்கு மிஞ்சுவது மற்ற எல்லா ரசிகர்களுக்கும் கிடைப்பதுதான். எங்கள் வீட்டிலும் சுவரொட்டிகள் இருக்கின்றன. கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்திருக்கிறேன். யாராவது பார்த்தால் ரசிகன் என்று சொல்லிக்கொள்ளலாம். இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட அந்த வீட்டில் சட்டம் போட்டு மாட்டப்படவில்லை.

‘விக்டிம்’ துணிச்சலான படம். இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையிலான உறவு குற்றமாக இருந்த காலத்தில், அந்தச் சட்டம் மிரட்டுபவர்களுக்குத்தான் பயன்படுகிறது என்று வெளிப்படையாகச் சொன்னது. சட்டம் 1967இல் மாறியது. ஆனால் பாரெட் படத்தின் தொடக்கத்திலேயே செத்துப்போகிறான். மீதிப் படம் முழுக்க வழக்கறிஞரின் மனசாட்சிப் போராட்டம். போகார்டின் சொந்த வாழ்க்கையும் நினைவுக்கு வருகிறது. ஆண்டனி ஃபார்வுட் என்பவருடன் பல பத்தாண்டுகள், 1988இல் ஃபார்வுட் இறக்கும்வரை, ஒரே வீட்டில் வாழ்ந்தார். உலகத்துக்கு அவரை மேலாளர் என்றே சொன்னார். அந்த மேலாளர் என்ற பதவியை நான் நன்றாக அறிவேன். வேலை ஒரு முகமூடியாக வருகிறது. பிறகு அந்த வேலையின் மேல் கீழ் எல்லாம் உறவுக்குள் நுழைந்துவிடுகிறது. யார் சம்பளம் கொடுப்பவர், யார் பையைத் தூக்குபவர் என்பது வெளியே நடிப்பாகத் தொடங்கி, வீட்டுக்குள் பழக்கமாக முடிகிறது.

நீங்கள் கல்லூரியில் படித்த குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று உண்டு. தலைவி சொல்கிறாள்: அவன் என்னைச் சேர்ந்த அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போல மெலிந்த கால்களோடு, ஓடும் தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகு மட்டும் அங்கே இருந்தது. அகப்பாட்டுகளில் களவுக் காதலுக்கு, அதாவது மறைவான காதலுக்கு, அலர் என்னும் ஊர்ப்பேச்சு உண்டு, தாயின் காவல் உண்டு. ஆனால் ஒரு தோழியும் உண்டு. அவள் தலைவனிடம் நேராகவே பேசுவாள், சீக்கிரம் வந்து மணம் முடி என்று நெருக்குவாள். களவு கற்பில், அதாவது ஊரறிந்த மணவாழ்வில், போய் முடிய வேண்டும் என்பது மரபு. எங்கள் களவுக்கு அப்படி ஒரு கரை இன்னும் வரவில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், எங்கள் உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து எங்களை விடுவித்தது. 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம், திருமண உரிமையைத் தன்னால் வழங்க முடியாது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்று ஒரு தீர்ப்பில் சொன்னபோது நாங்கள் இருவரும் அந்தச் செய்தியை மாறி மாறிப் படித்தோம்.

அந்தத் தலைவியின் கேள்வியை அப்படியே தூக்கி அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் வைத்தால் ‘பிஹைண்ட் தி கேண்டலாப்ரா’ கிடைக்கும். 2013இல் ஸ்டீவன் சோடர்பெர்க் எடுத்தது. லிபராச்சி என்ற பியானோ கலைஞராக மைக்கேல் டக்ளஸ், அவரோடு வாழ்ந்த ஸ்காட் தோர்சனாக மேட் டேமன். உண்மை மனிதர்களின் கதை. தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று பொருள்படும்படி எழுதியதாக லண்டன் பத்திரிகை ஒன்றின் மேல் லிபராச்சி வழக்குப் போட்டு, 1959இல் 8,000 பவுண்டு இழப்பீடு வாங்கியவர். நீதிமன்றத்தில் சத்தியம் செய்து மறுத்தவர். அப்படிப்பட்டவரிடம் கார் ஓட்டுநராகவும், மேடைத் துணையாகவும், காதலனாகவும் வந்து சேர்ந்தவன் தோர்சன். லிபராச்சியின் இளவயது முகம் போல ஆக வேண்டும் என்பதற்காக அவன் முகத்துக்கு அறுவைச் சிகிச்சை நடக்கிறது. தத்தெடுத்துக்கொள்கிறேன் என்ற பேச்சும் நடக்கிறது. உறவு முறிந்தபோது, 1982இல், தோர்சன் 11 கோடியே 30 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டான். 1986இல் 95,000 டாலரில் அது முடிந்தது. லிபராச்சி 1987இல் எய்ட்ஸ் நோயால் இறக்கும்வரை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தப் படத்தை நான் மதிப்பதற்குக் காரணம், இது தோர்சனின் கண்களால் பார்க்கப்படும் கதை. அவன் எழுதிய நூலை வைத்து எடுத்தது. அவன் நல்லவன் என்று படம் சான்றிதழ் தரவில்லை. போதைக்குப் போகிறான், பொறாமைப்படுகிறான், கத்துகிறான். ஆனால் முழு ஆளாக இருக்கிறான். முகம் மாற்றப்பட்ட பிறகு அவன் கண்ணாடியில் எதைப் பார்க்கிறான் என்று நமக்குத் தெரிகிறது. புகழ் என்பது எதிரில் இருப்பவனின் முகத்தைக்கூடத் தன் முகமாக மாற்றிக்கொள்ளும் என்பதை இதைவிட நேராக யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். 2023இல் ஜியோ பேபி மலையாளத்தில் எடுத்த ‘காதல்: தி கோர்’ உங்களில் பலருக்குப் பிடித்த படம். ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் மேத்யூ உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கிறார். அதே நேரத்தில் மனைவி ஓமனா விவாகரத்துக் கேட்கிறார். மம்மூட்டி நடித்தது மட்டுமல்ல, அவருடைய நிறுவனமே தயாரித்தது. தன் புகழை மறைப்பதற்குப் பயன்படுத்தாமல் திறப்பதற்கு ஒரு நட்சத்திரம் பயன்படுத்தினார் என்பதற்காக அவருக்கு என் வணக்கம். ஓமனாவுக்குக் கிடைத்த குரல் எனக்கு மிகவும் பிடித்தது. ரகசியத்தால் நசுங்குபவர்களில் மனைவி முதன்மையானவர். அதைத் தவிர்த்துவிட்டு எங்கள் கதையை எழுத முடியாது. ஆனால் தங்கன்? கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த மனிதர், ஊரின் கேலியைச் சுமந்துகொண்டு, மிகக் குறைந்த வசனங்களோடு நடமாடுகிறார். மேத்யூ தேர்தலில் நிற்கிறார், நீதிமன்றத்தில் நிற்கிறார். தங்கன் சாலை ஓரத்தில் நிற்கிறார். அந்த மௌனம் வேண்டுமென்றே வைத்தது என்று எனக்குப் புரிகிறது. புரிந்தும் மனம் ஆறவில்லை. இரவில் வீட்டுக்குப் போய் அவர் என்ன செய்தார் என்று படம் முடிந்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஹன்சல் மேத்தாவின் ‘அலிகார்’ படத்திலும் இதே குறை எனக்கு உண்டு. அதுவும் உண்மைக் கதை. பேராசிரியர் சிராஸ் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்தவர், கவிதையும் எழுதியவர். 2010 பிப்ரவரியில் ஒருநாள் இரவு கேமராவோடு ஆட்கள் வீட்டுக்குள் புகுந்தார்கள்; ஒரே இரவில் அவரை நாடு அறிந்தது. இப்படியும் ஒரு புகழ் வரும். பல்கலைக்கழகம் அவரைப் பணியிடைநீக்கம் செய்தது, அலகாபாத் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது, ஏப்ரலில் அவர் இறந்துகிடந்தார். மனோஜ் பாஜ்பாய் அவரை அப்படியே வாழ்ந்து காட்டினார். அன்று அந்த அறையில் இன்னொருவரும் இருந்தார், ஒரு ரிக்‌ஷாக்காரர். படம் முடிந்து வெளியே வருபவர்களிடம் அவரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பேராசிரியரின் தனிமை எல்லோர் மனதிலும் நிற்கிறது. ரிக்‌ஷா யாருக்கும் நினைவில்லை.

நீங்கள் என்னிடம் கேட்கலாம்: போலீஸ் பயம் போய்விட்டதே, இப்போது எதற்கு ரகசியம்? எங்கள் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். பிரான்சு ஆண்களுக்கிடையிலான உறவு என்ற குற்றத்தை 1791இலேயே தன் தண்டனைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. ஆங்கிலேயர் எழுதிய 377ஆம் பிரிவு பிரெஞ்சுப் புதுச்சேரிக்குள் அப்போது செல்லாது. இந்திய தண்டனைச் சட்டம் இங்கே 1963 அக்டோபரில்தான் நீட்டிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன் இந்த ஊரில் இரண்டு ஆண்கள் ஊரறியக் குடும்பம் நடத்தியதாகப் பெரியவர்கள் யாரும் எனக்குச் சொன்னதில்லை. கடலூரில் சட்டம் இருந்தது, இங்கே இல்லை. இரண்டு ஊரிலும் வாய் ஒரே மாதிரிதான் மூடியிருந்தது. ஆகவே சட்டத்தை மட்டும் வில்லனாக வைத்து எழுதினால் கதை பாதியில் நின்றுவிடும்.

எங்களைக் கட்டி வைப்பது என்னவென்று சொல்கிறேன். அவர் குரலை நம்பி ஒரு குழுவே சாப்பிடுகிறது. கீபோர்டு வாசிப்பவர், பேட் வாசிப்பவர், தபேலாக்காரர், உடன் பாடும் பெண்கள், வேன் ஓட்டுநர். தை, மாசி, பங்குனி, வைகாசி, ஆடி. இந்த மாதங்களில் சம்பாதிப்பதுதான் ஆண்டு முழுவதற்கும். அழைப்பவர்கள் கோயில் விழாக் குழுக்கள், கல்யாண வீட்டார், கட்சிக்காரர்கள். ஒரு விழாக் குழுவில் ஒருவர் முகம் சுளித்தால் அடுத்த ஊருக்குச் செய்தி போய்விடும். அவருடைய பெயர் கெட்டால் அவருடைய சோறு மட்டும் போகாது. புகழ் பெற்றவரின் ரகசியத்தில் எத்தனை பேருடைய வயிறு கட்டப்பட்டிருக்கிறது என்பதை எந்தப் படமும் எனக்குக் காட்டியதில்லை. கோழைத்தனம் என்று எழுதிவிடுவது எளிது. அவர் கோழை அல்ல. அந்தத் தபேலாக்காரரின் மகள் நர்சிங் படிக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும்.

இதன் விலையை நாங்கள் எப்படிக் கொடுக்கிறோம் என்பதையும் கேளுங்கள். வில்லியனூர்ப் பக்கம் ஒரு திருவிழா. கச்சேரி முடியும்போது இரவு ஒரு மணி கடந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம். விழாக் குழுத் தலைவர் சால்வை போர்த்திவிட்டு என்னைப் பார்த்து, “இந்தத் தம்பி யார்? போன வருஷமும் பார்த்தேனே” என்றார். “மைக் செட் பார்க்கிற தம்பி” என்றார் இவர். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. நான் பக்கத்தில் இருந்த மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வேனை நோக்கி நடந்தேன். பாரம் ஒன்றும் இல்லை, ஆனாலும் அடிப்பகுதி தரையில் இழுபட்டது. உண்மையாகவே மைக் செட் பார்க்கும் பையன், பத்தொன்பது இருபது வயது இருக்கும், ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவன் அதைப் போட்டுவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். ஒன்றும் கேட்கவில்லை. வேனில் ஏற்றிய பிறகு, “நாளைக்கும் வந்தால் முன்னாலேயே சொல்லுங்கள் அண்ணே, உங்களுக்கும் குழுவின் சட்டை ஒன்று எடுத்து வைக்கிறேன்” என்றான்.

அவனுக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்று எங்களுக்குள் மனத்தாங்கல் வந்தால் தூது போவது அவன்தான். உங்கள் திரைக்கதையில் இப்படி ஒருவனுக்கு இடம் கொடுங்கள். ரகசியம் தெரிந்தவர்கள் எல்லோரும் மிரட்டுபவர்கள் அல்லது அதிர்ச்சியில் தட்டைக் கீழே போடும் தாய்மார்கள் என்று எழுதாதீர்கள். தெரிந்தும் தெரியாதது போல உடன் நிற்பவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

அந்த இரவுக்குப் பிறகு வந்த சண்டையையும் சொல்கிறேன். படங்களில் காதலர்கள் கத்துகிறார்கள், பொருளை எறிகிறார்கள். எங்களால் கத்த முடியாது. பக்கத்து வீட்டுச் சுவர் பொதுச் சுவர். அவர் குரல் ஊருக்கே தெரிந்த குரல். தொலைக்காட்சியில் செய்தியைச் சத்தமாக வைத்துவிட்டு, அதற்கு அடியில், கிசுகிசுவென்று சண்டை போட்டோம். நடுவில் விளம்பர இடைவேளையில் ஒலி குறைந்தபோது இருவரும் வாயை மூடிக்கொண்டோம். செய்தி தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். கோபத்தை அப்படி நிறுத்தி நிறுத்திப் பேசுபவர்களுக்கு அது தீர்வதே இல்லை. ஒரு நடிகர் இதை நடித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். பிரபலத்தின் ரகசியம் என்று கதை எழுதும்போது, இது இன்ன நடிகரைப் பற்றியதாம், இன்ன இசையமைப்பாளரைப் பற்றியதாம் என்ற பேச்சைக் கிளப்பி விளம்பரம் தேடாதீர்கள். கிசுகிசுப் பத்திகள் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் கொடுமை அது. உயிரோடு இருக்கும் ஒருவர் தானாகச் சொல்லாததை மற்றவர் சொல்லக் கூடாது, கதை என்ற பெயரிலும் கூடாது. அந்த நடிகருக்கு வலிப்பதைவிட, அவர் வீட்டில் பெயரில்லாமல் இருக்கும் ஒருவருக்கு அதிகம் வலிக்கும். மறுநாள் முதல் அவர் அந்த வீட்டுக்கு வர முடியாது.

இங்கே கருவடிக்குப்பத்தில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் அடங்கியிருக்கிறார். 1922இல் அவர் காலமானது இந்த ஊரில். உங்களில் சிறந்த படம் எடுப்பவருக்குப் புதுச்சேரி அரசு அவர் பெயரில்தான் விருது தருகிறது. சிறுவர்களைச் சேர்த்துப் பாலர் நாடகக் குழு நடத்தியவர் அவர். அந்தக் குழுக்களில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போட்ட பையன்கள் ஊர் ஊராகப் புகழோடு போனார்கள். குரல் உடைந்ததும் பலர் காணாமல் போனார்கள். சீனத்தில் சென் கைகே இதே போன்ற உலகத்தை எடுத்து ‘ஃபேர்வெல் மை கான்குபைன்’ என்ற படமாக்கி 1993இல் கான் திரைப்பட விழாவின் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பெண் வேடம் போடும் நடிகன் தன் மேடைத் துணைவனை ஆயுள் முழுக்கக் காதலிக்கிறான். கலாச்சாரப் புரட்சியின்போது கூட்டத்தின் நடுவில் அந்தத் துணைவனே இவனைக் காட்டிக்கொடுக்கிறான். அந்தக் காட்சியில் காட்டிக்கொடுப்பவனின் முகத்தையும் கேட்டுக்கொண்டிருப்பவனின் முகத்தையும் இயக்குநர் சமமாகக் காட்டியிருப்பார். நம்மிடம் அந்த நாடக உலகமும் இருக்கிறது, அதன் பாட்டுகளும் இருக்கின்றன. யாராவது இங்கே வந்து உட்கார்ந்து எழுத மாட்டீர்களா?

உங்களிடம் நான் கேட்பது பெரிய பட்ஜெட் படமும் அல்ல, துணிச்சலுக்கான பாராட்டுக் கூட்டமும் அல்ல. கதையை முடித்துத் தட்டச்சுப் பிரதியைக் கையில் வாங்கியதும், புகழ் பெற்றவர் இல்லாத காட்சிகளைத் தேடிப் பாருங்கள். அந்த இன்னொருவன் தனியாக இருக்கும் காட்சி ஒன்றாவது இருக்கிறதா? அவன் வேலைக்குப் போகிறானா? அவனுக்கு அம்மா உண்டா? அவனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்க்கிறார்கள்? அவர் மருத்துவமனையில் கிடந்தால் இவன் எந்த உறவு என்று சொல்லி உள்ளே போகிறான்? இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் படப்பிடிப்புக்குத் தேதி வாங்காதீர்கள். எங்களிடம் வந்து கேளுங்கள். சென்னையிலும் இங்கேயும் பல ஆண்டுகளாக வேலை செய்யும் சமூக அமைப்புகள் இருக்கின்றன, அவர்களிடம் கேளுங்கள். உட்கார்ந்து பேச ஆட்கள் கிடைப்பார்கள்.

தயவுசெய்து அவனைச் சாகடிக்காதீர்கள். பாரெட் செத்தது போதும். அவன் கோபித்துக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறிப் போகட்டும், தேவனாம்பட்டினம் கடற்கரையில் நண்பர்களோடு மீன் வறுவல் சாப்பிடட்டும், திரும்பி வரலாமா என்று அவனே முடிவு செய்யட்டும். அவன் முடிவுக்காக அந்தப் பிரபலமானவர் காத்திருக்கும் காட்சி ஒன்று இருக்கட்டும். அந்தப் பாத்திரத்துக்கு நல்ல நடிகரைப் போடுங்கள். படத்தின் சுவரொட்டி அடிக்கும்போது, கதாநாயகனின் முகத்துக்குப் பக்கத்தில், அதே அளவில், அவன் முகத்தையும் போடுங்கள்.

மிகுந்த அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து உங்கள் ரசிகன்